பெண்ணாக வளர்வது குற்றமா?

2022 பிப்ரவரி 17. பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் பெண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங் இறுதிச்சுற்று. முதல் சுற்றில் முதலிடம் பிடித்திருந்த ரஷ்யச் சிறுமி காமிலா வலியேவா கடைசியாகப் பனித்தளத்தில் இறங்குகிறாள். வயது 15. உலகத்தில் யாரும் அவளுக்கு அருகில்கூட வர முடியாது என்று சில வாரங்களுக்கு முன்புவரை எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்று அவள் விழுகிறாள். எழுந்து தடுமாறுகிறாள். மறுபடியும் விழுகிறாள். நான்கு நிமிட ஆட்டம் முடிந்ததும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதபடி தளத்தை விட்டு வெளியே வருகிறாள்.

தடுப்புக்கு அருகில் நின்றிருந்த பயிற்சியாளர் எதேரி துத்பெரிட்ஸே அவளை அணைத்துக்கொள்ளவில்லை. ஏன் போராடுவதை விட்டுவிட்டாய், ஏன் விட்டுக்கொடுத்தாய் என்று விளக்கம் கேட்டார். கேமராக்கள் அதை நேரலையில் காட்டிக்கொண்டிருந்தன. சர்வதேச ஒலிம்பிக் குழுவின் அன்றைய தலைவர் தாமஸ் பாக், அந்தக் குளிர்ச்சியைப் பார்த்துத் தான் கலங்கிப்போனதாக மறுநாள் செய்தியாளர்களிடம் சொன்னார்.

அவர் கலங்கியது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால், அந்தச் சிறுமியை அந்தத் தளத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியது யார் என்ற கேள்வியை அவருடைய கலக்கம் தொடவே இல்லை. அந்தக் கேள்வியைத்தான் நான் இங்கே கேட்கப்போகிறேன். நம்மில் பெரும்பாலோர் பனித்தளத்தில் கால் வைத்ததே இல்லை. இருந்தாலும் இது நமக்குத் தெரியாத கதை அல்ல. ஒரு பெண் வயதுக்கு வந்ததும் அவளுக்கு எதெல்லாம் முடிந்துபோகிறது என்று பட்டியல் போடும் சமூகம் ரஷ்யாவில் மட்டும் இல்லை.

ஃபிகர் ஸ்கேட்டிங் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. காலணியின் அடியில் பொருத்திய மெல்லிய எஃகுத் தகட்டின் மேல் நின்று, இசைக்கேற்பப் பனியில் வழுக்கி, சுழன்று, தாவி ஆடும் போட்டி இது. தாவலில் எத்தனை சுற்று சுற்றுகிறோமோ அதற்கேற்ப மதிப்பெண். மூன்று சுற்று ‘லட்ஸ்’ தாவலின் அடிப்படை மதிப்பு 5.9. நான்கு சுற்று லட்ஸுக்கு 11.5. ஒரே ஒரு சுற்று கூடினால் மதிப்பெண் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை இதிலிருந்துதான் கிளம்புகிறது.

வீராங்கனை காற்றில் இருக்கும் நேரம் ஒரு விநாடிக்கும் குறைவு. அதற்குள் நான்கு முறை சுற்ற வேண்டுமென்றால் உடல் எடை குறைவாகவும், இடுப்பு ஒடுங்கியும், தோள்கள் குறுகியும் இருந்தால் எளிது. அதாவது பூப்பெய்தாத, அல்லது அதன் மாற்றங்கள் இன்னும் உடலில் முழுதாகப் படியாத சிறுமியின் உடல். பதின்பருவத்தில் பெண்ணுக்கு இடுப்பு அகலும், மார்பு வளரும், எடை கூடும். அதே வயதில் ஆணுக்குத் தசை வலு கூடும். வளர்ச்சி அவனுக்குத் தாவும் சக்தியைக் கொடுக்கிறது. அவளிடமிருந்து சுழலும் வேகத்தைப் பறிக்கிறது. இயற்கையின் இந்த வேறுபாட்டுக்கு யாரும் பொறுப்பில்லை. ஆனால் ஒரு சுற்றுக்கு இவ்வளவு மதிப்பெண் என்று எழுதியது இயற்கை அல்ல. மனிதர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து எழுதியது அது.

அந்தக் கணக்கை உலகத்தில் மற்ற எவரையும்விட நன்றாகப் புரிந்துகொண்டது மாஸ்கோவில் துத்பெரிட்ஸே நடத்திய பயிற்சிக்கூடம். அங்கிருந்து வந்த சிறுமிகளை வரிசையாகப் பார்ப்போம்.

யூலியா லிப்னிட்ஸ்காயா. 2014 சோச்சி ஒலிம்பிக்கில் சிவப்பு உடையில் ஆடி, குழுப்போட்டியில் தங்கம் வென்றபோது வயது 15. உலகமே அந்தச் சிறுமியைக் கொண்டாடியது. 2017இல், 19 வயதில், விளையாட்டை விட்டு விலகினாள். உணவை மறுக்கும் அனோரெக்ஸியா நோய்க்குச் சிகிச்சை எடுத்த பிறகு எடுத்த முடிவு அது. எவ்கேனியா மெத்வதேவா. 2016, 2017 இரண்டு ஆண்டுகளும் உலக சாம்பியன். 2018 ஒலிம்பிக்குக்குச் சில மாதங்கள் முன்பு பாத எலும்பில் விரிசல். அந்த ஒலிம்பிக்கில் 18 வயதில் வெள்ளி. தங்கம் அதே பயிற்சிக்கூடத்தின் அடுத்த சிறுமிக்குப் போனது: அலினா ஸகிடோவா, வயது 15. போட்டி நாட்களில் தண்ணீரைக் குடிக்காமல் வாய் கொப்பளித்துத் துப்பியதாக ஸகிடோவா பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னாள். 2019இல் உலக சாம்பியனும் ஆனாள். அதே ஆண்டு டிசம்பரில், 17 வயதில், போட்டிகளிலிருந்து ஒதுங்கினாள். அதற்குள் நான்கு சுற்று தாவும் இன்னும் இளைய சிறுமிகள் வந்துவிட்டிருந்தார்கள்.

அவர்களில் ஒருத்திதான் காமிலா. 2006இல் கசான் நகரில் பிறந்தவள். 13 வயதில் இளையோர் உலக சாம்பியன். 2021 நவம்பரில் மொத்தம் 272.71 மதிப்பெண் எடுத்து உலக சாதனை படைத்தாள். 2022 பிப்ரவரி 7 அன்று, ஒலிம்பிக்கில் நான்கு சுற்றுத் தாவலை முடித்த முதல் பெண் என்று வரலாற்றில் இடம் பிடித்தாள். மறுநாளே அந்த வரலாறு தலைகீழானது. 2021 டிசம்பர் 25 அன்று ரஷ்யத் தேசியப் போட்டியின்போது எடுத்த அவளுடைய மாதிரியில் ட்ரைமெட்டாஸிடின் இருப்பதாக ஸ்டாக்ஹோம் ஆய்வகம் அறிவித்தது. இதய நோயாளிகளுக்கு நெஞ்சுவலிக்காகக் கொடுக்கும் மருந்து அது. விளையாட்டு வீரர்களுக்குத் தடை செய்யப்பட்டது.

பதினைந்து வயதுச் சிறுமியின் உடலில் நெஞ்சுவலி மருந்து எப்படி வந்தது? தாத்தாவின் மருந்து தவறுதலாகக் கலந்திருக்கலாம் என்று அவள் தரப்பு சொன்னது. தாத்தா செய்துகொடுத்த ஸ்ட்ராபெரி இனிப்பு வழியாக வந்திருக்கலாம் என்றுகூட வாதம் வைக்கப்பட்டது. நடுவர்கள் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. ஆனால் அதற்கடுத்து நடந்ததுதான் கவனிக்க வேண்டியது.

ஊக்கமருந்து விதிகளின்படி 16 வயதுக்குக் குறைந்தவர் ‘பாதுகாக்கப்பட்ட நபர்’. அந்தக் காரணத்தையும் சுட்டிக்காட்டித்தான் பிப்ரவரி 14 அன்று விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் அவளைத் தொடர்ந்து ஆட அனுமதித்தது. உடனே ஒலிம்பிக் குழு ஓர் அறிவிப்புச் செய்தது: அவள் முதல் மூன்று இடங்களில் வந்தால் பதக்க விழாவே நடக்காது. அதாவது, ஆடலாம், ஆனால் நீ ஜெயித்தால் உன்னோடு மேடையேற வேண்டிய மற்ற இரண்டு பெண்களும் உன்னால் மேடையை இழப்பார்கள். இந்தப் பாரத்தைத் தலையில் ஏற்றித்தான் அவளைப் பனிக்குள் அனுப்பினார்கள். அவள் நான்காம் இடத்துக்குச் சரிந்தாள். பதக்க விழா நடந்தது. பெரியவர்களுக்கு நிம்மதி.

2024 ஜனவரி 29 அன்று இறுதித் தீர்ப்பு வந்தது. நான்கு ஆண்டுத் தடை. மருந்து வேண்டுமென்றே உட்கொள்ளப்படவில்லை என்பதை அவள் நிரூபிக்கத் தவறிவிட்டாள், ஆகவே வயது வந்த வீரரை நடத்துவதிலிருந்து வேறுபடுத்தி அவளை நடத்த விதிகளில் இடமில்லை என்றார்கள். ஆட அனுமதிக்கும்போது பாதுகாக்கப்பட வேண்டிய குழந்தை. தண்டிக்கும்போது வயது வந்தவள். இரண்டு ஆண்டுகளில் சட்டம் இப்படி வயதை மாற்றிக்கொண்டது.

அவளைச் சுற்றிப் பயிற்சியாளர்கள் இருந்தார்கள். குழு மருத்துவர் இருந்தார். தேசியக் கூட்டமைப்பு இருந்தது. அதற்கும் மேலே ஓர் அரசு இருந்தது. 13 வயதிலிருந்து 15 வயதுவரை அவளுக்குப் பல பத்து மருந்துகளும் சத்துப்பொருள்களும் கொடுக்கப்பட்டதாகத் தீர்ப்பின் முழு விவரங்களை மேற்கோள் காட்டி ஊடகங்கள் எழுதின. ஒரு குழந்தை தானாகக் கடைக்குப் போய் இவற்றை வாங்கி விழுங்கியிருக்குமா? பாதுகாக்கப்பட்ட நபர் பிடிபட்டால் சுற்றியிருக்கும் பெரியவர்களையும் விசாரிக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பில் தண்டிக்கப்பட்ட பெயர் ஒன்றே ஒன்று. அது அவளுடைய பெயர்.

ஏமாற்றப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் மறக்கவில்லை. பெய்ஜிங் குழுப்போட்டியில் ஆடிய அமெரிக்க, ஜப்பானிய வீரர்கள் தங்கள் பதக்கத்தை 2024 ஆகஸ்டில் பாரிஸில்தான் வாங்கினார்கள். இரண்டரை ஆண்டு காத்திருப்பு. அவர்களுக்கு நடந்தது அநீதி. காமிலாவின் மதிப்பெண்களை ரத்து செய்தது சரியே. ஆனால் மதிப்பெண்ணை ரத்து செய்வது வேறு. குற்றத்தின் முழுச் சுமையையும் ஒரு சிறுமியின் முதுகில் ஏற்றிவிட்டுக் கோப்பை மூடுவது வேறு.

இந்த இடத்தில் ஒரு குரல் கேட்கும்: “எல்லாவற்றுக்கும் காரணம் அந்தப் பயிற்சியாளர்தானே? அவரும் ஒரு பெண்தானே?” ஆம், பெண்தான். பெண் நடத்துவதால் ஓர் அமைப்பு பெண்களுக்கு நல்லதாகிவிடாது. மாமியார் கையில் இருக்கும் கரண்டியும் ஆணாதிக்கத்தின் ஆயுதமாகலாம் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துத்பெரிட்ஸே பதில் சொல்ல வேண்டியவர்தான். ஆனால் அவரை மட்டும் பனிநாட்டுச் சூனியக்காரியாக்கிய செய்திகளைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்தது. 2020இல் அவரை ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் என்று தேர்ந்தெடுத்து விருது கொடுத்தது யார்? இதே சர்வதேச ஸ்கேட்டிங் ஒன்றியம். லிப்னிட்ஸ்காயாவின் கதை வெளியாகி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ரஷ்ய அரசின் ஊக்கமருந்து ஏற்பாடு 2016இலேயே அம்பலமான பிறகும், கொடியை மட்டும் மாற்றி அதே அணியை பெய்ஜிங்குக்கு வரவேற்றது யார்? கலங்கிப்போன தாமஸ் பாக்கின் ஒலிம்பிக் குழு. ஒரு பெண்ணைச் சூனியக்காரியாக்கினால் கோட்டு அணிந்த கனவான்கள் பின்வாசல் வழியாக வெளியேறிவிடலாம். இது பழைய தந்திரம்.

இந்த விளையாட்டுக்குப் பெண்ணின் உடலோடு இருக்கும் சண்டையும் பழையதுதான். 1902இல் லண்டனில் நடந்த உலகப் போட்டிக்கு மேட்ஜ் சையர்ஸ் என்ற ஆங்கிலப் பெண் விண்ணப்பித்தார். பெண்கள் வரக்கூடாது என்று விதியில் எழுதியிருக்கவில்லை. யாரும் வருவார்கள் என்று நினைக்காததால் எழுதவில்லை. அவர் ஆண்களோடு போட்டியிட்டு இரண்டாம் இடம் பிடித்தார். ஒன்றியம் என்ன செய்தது? உடனே பெண்களைத் தடை செய்தது. நீண்ட பாவாடை அணிவதால் நடுவர்களுக்குப் பாதங்கள் தெரியவில்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பிறகு பெண்களுக்குத் தனிப் போட்டி வந்தது. பாவாடை குட்டையானது, ஆனால் கட்டாயமானது. போட்டியில் பெண்கள் கால்சட்டை அணிய அனுமதி கிடைத்தது 2004இல்தான். போட்டிப் பிரிவின் பெயரை ‘லேடீஸ்’ என்பதிலிருந்து ‘விமன்’ என்று மாற்றியது 2021இல். பெயரில் பெண்கள் வந்து சேர்ந்த நேரத்தில் மேடையில் நின்றவர்கள் சிறுமிகள்.

அடுத்த குரல்: “அவர்கள் விரும்பித்தானே ஆடினார்கள்? பெண் குழந்தைகளின் லட்சியத்துக்கு நீங்களே தடை போடலாமா?” இந்தக் கேள்விக்கு நான் மரியாதை கொடுக்கிறேன். ஒரு பெண் குழந்தை காற்றில் நான்கு முறை சுழன்று தரையில் நிற்பதைப் பார்த்து என் மயிர்க்கால்கள் சிலிர்த்திருக்கின்றன. அந்தத் துணிவை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் விருப்பம் என்றால் வேண்டாம் என்று சொல்லவும் வழி இருக்க வேண்டும். பசிக்கிறது என்று சொன்னால் இடம் போகும், வலிக்கிறது என்று சொன்னால் வரிசையில் அடுத்தவள் காத்திருக்கிறாள் என்றால் அங்கே விருப்பம் எங்கிருந்து வரும்? காமிலா விழுந்த அதே இரவில், தன் ஆட்டத்தில் ஐந்து நான்கு சுற்றுத் தாவல்களைச் செய்து வெள்ளி வென்ற அலெக்ஸாண்ட்ரா த்ருசோவா, இந்த விளையாட்டையே வெறுக்கிறேன், இனிப் பனியில் இறங்கமாட்டேன் என்று கதறினாள். தங்கம் வென்ற ஆன்னா ஷெர்பகோவா கையில் ஒரு பொம்மையோடு தனியாக உட்கார்ந்திருந்தாள். இருவருக்கும் வயது 17. ஒரே பயிற்சிக்கூடத்தின் மூன்று சிறுமிகள்: ஒருத்தி தோற்று அழுதாள், ஒருத்தி வென்று அழுதாள், ஒருத்தியின் வெற்றியைக் கொண்டாட அருகில் யாரும் இல்லை. அதன்பின் வந்த உக்ரைன் போரால் ரஷ்ய வீரர்கள் சர்வதேசப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டார்கள். அவர்களுடைய வாழ்க்கையை முடக்கியதில் போருக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்த இரவின் கண்ணீருக்குப் போர் காரணமில்லை.

“பெண்கள் வளர்ந்தால் இந்த விளையாட்டு சரிப்பட்டு வராது, அது இயற்கை” என்பவர்களுக்கு மூன்று பெயர்கள் சொல்கிறேன். எலிஸவேதா துக்தமிஷேவா, ரஷ்யாவைச் சேர்ந்தவர்தான். 18 வயதில் உலக சாம்பியன். ஆறு ஆண்டுகள் கழித்து, 24 வயதில், மூன்றரைச் சுற்று ஆக்ஸல் தாவலோடு உலகப் போட்டியில் வெள்ளி வென்றார். அவருடைய நாடு அவரை ஒரு ஒலிம்பிக்குக்கும் அனுப்பவில்லை. ஜப்பானின் கவோரி சகமோட்டோ நான்கு சுற்றுத் தாவல் இல்லாமலே 2022, 2023, 2024 என்று தொடர்ந்து மூன்று முறை உலக சாம்பியன். முதல் முறை வென்றபோது வயது 21. முதல் வெற்றிக்கு ரஷ்யர்கள் இல்லாததும் ஒரு காரணம் என்பார்கள், இருக்கட்டும். வளர்ந்த பெண்ணின் வேகத்தையும் உயரத்தையும் அவர் ஆட்டத்தில் பார்த்தவர்கள் எதை இழந்துவிட்டார்கள்?

மூன்றாவது பெயர் அலிஸா லியூ. 13 வயதில் அமெரிக்கச் சாம்பியன். அவளுக்கும் அதே குழந்தைப் பருவம்தான்: பயிற்சி, போட்டி, பயிற்சி. 16 வயதில் போதும் என்று நிறுத்தினாள். கல்லூரிக்குப் போனாள், எவரெஸ்ட் அடிவார முகாம்வரை நடந்தாள், நண்பர்களோடு ஊர் சுற்றினாள். 2024இல் திரும்பி வந்தபோது தன் இசையையும் உடையையும் பயிற்சி நேரத்தையும் தானே முடிவு செய்தார். 2025 மார்ச்சில் பாஸ்டனில் உலக சாம்பியன் ஆனார். வயது 19. நான்கு சுற்றுத் தாவல் கிடையாது. அந்த ஆட்டத்தின் காணொளியைத் தேடிப் பாருங்கள். பனியில் இருப்பதற்காக ஒருவர் இவ்வளவு சந்தோஷப்பட முடியுமா என்று தோன்றும். அவர் திரும்பி வர முடிந்ததற்கு ஒரே காரணம், போக முடிந்தது.

2022 ஜூனில் ஒன்றியம் பெரியோர் போட்டிக்கான குறைந்தபட்ச வயதை 15இலிருந்து படிப்படியாக 17ஆக உயர்த்த வாக்களித்தது. 100 வாக்குகள் ஆதரவு, 16 எதிர்ப்பு. நல்லது, வரவேற்போம். ஆனால் வயது வரம்பு மட்டும் போதாது. 17 வயதுவரை ஒரு பெண்ணின் வளர்ச்சியைப் பட்டினியால் தள்ளிப்போடத் துணியும் பயிற்சிக்கூடங்களுக்கு, புதிய விதி காத்திருக்க வேண்டிய காலத்தை இரண்டு ஆண்டு நீட்டியிருக்கிறது, அவ்வளவுதான். குழந்தை ஊக்கமருந்தில் பிடிபட்டால் முதல் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியவர்கள் அவளைச் சுற்றியுள்ள பெரியவர்கள். தங்களுக்குத் தெரியாது என்பதை அவர்கள் நிரூபிக்கட்டும். அந்தச் சுமையைச் சிறுமி சுமக்க வேண்டாம். பயிற்சியாளரின் சம்பளம் வாங்காத மருத்துவர் ஒருவர் வீராங்கனையின் எலும்பையும் உணவையும் மாதவிடாயையும் கவனிக்கட்டும். 2018இல் ஸகிடோவா எல்லாத் தாவல்களையும் இரண்டாம் பாதியில் வைத்துக் கூடுதல் மதிப்பெண் அள்ளியபோது, அதே ஆண்டே விதியை மாற்றி, கடைசி மூன்று தாவல்களுக்கு மட்டும்தான் கூடுதல் என்று ஒன்றியம் சொன்னது. ஆட்டத்தின் அழகு கெடுகிறது என்றால் ஒரே ஆண்டில் விதி மாறும். பெண்ணின் எலும்பு நொறுங்குகிறது என்றால் எத்தனை ஆண்டு வேண்டும்?

காமிலாவின் தடை 2025 டிசம்பர் 25 அன்று முடிந்தது. பதினைந்தில் தொடங்கிய தண்டனை பத்தொன்பதில் முடிந்திருக்கிறது. இப்போது அவளுக்கு ஒரு பெண்ணின் உடல் இருக்கிறது. அந்த உடலோடு அவள் மறுபடி ஆடலாம், ஆடாமலும் போகலாம். அது அவள் விருப்பம். ஆனால் அவள் தடுமாறினால் “வளர்ந்துவிட்டாள், இனி முடியாது” என்று பலர் சொல்வார்கள். அந்த வாக்கியத்தை நாம் வேறு வேறு ஊர்களில், வேறு வேறு மொழிகளில் கேட்டிருக்கிறோம். பள்ளி மைதானத்திலிருந்து நம்மை வீட்டுக்கு அழைத்தபோதும் இதைத்தான் சொன்னார்கள்.

இனி அந்த வாக்கியம் காதில் விழும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: அவள் வளர்ந்ததில் என்ன தவறு? வளர்ந்தவளுக்கு இடமில்லாதபடி அந்த மைதானத்துக்கு அளவு எடுத்தது யார்?